முன் சக்கரத்தில் காயாத குங்குமம்

விமானத்தில் வேலை பார்த்தேன் என்று எங்கள் சிவகாசிப் பக்கம் சொன்னால், எந்தக் கம்பெனி லேபிள் என்று கேட்பார்கள். ஏரோப்ளேன் என்றால் எங்களுக்கு, திரியைப் பற்றவைத்தால் விர்ரென்று சுற்றிக்கொண்டு மேலே போய்க் கருகி விழுகிற பட்டாசு. அதில் நான் மருந்து அடைத்தேனா, பெட்டி ஒட்டினேனா என்பதுதான் அவர்களுடைய அடுத்த சந்தேகம். நான் கூச்சப்படுகிற ஆள். பெட்டி ஒட்டினேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். என் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் இன்றைக்கும் நான் பெட்டிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்தான்.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் வெளியூர்களில் விமானப் பராமரிப்பு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் போன் பண்ணும்போது, கம்ப்யூட்டர் இல்லாமல் எப்படிக் கோளாறு கண்டுபிடித்தீர்கள் என்று கேட்கிறார்கள். பேசத் தெரியாதவன் எழுதித்தான் ஆக வேண்டும். நிறையக் கோளாறுகள் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவை உங்களுக்குத் தூக்கம் வரவழைக்கும். ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தோடு என் படிப்பு முடிந்தது. வெளியூரில் ஒரு விமானப் பயிற்சி நிலையத்தில் மாமா ஒருவர் சமையல் வேலையில் இருந்தார். அவர் சிபாரிசில் அங்கே ஷெட் கூட்டுகிற வேலைக்குப் போனேன். கூட்டினேன், துடைத்தேன், சக்கரத்துக்குக் காற்று அடித்தேன், பிறகு சக்கரத்தைக் கழற்றப் பழகினேன். கடைசியில், சக்கரங்களை மடக்கி இறக்குகிற ஹைட்ராலிக் வேலையில் என்னை விட்டார்கள். திறமையைப் பார்த்து விட்டதாக நான் நினைக்கவில்லை. அந்த வேலையில் யாரோடும் பேச வேண்டியதில்லை. விமானத்துக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டால் போதும். கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது.

பிறகுதான் எங்கள் ஊர் முதலாளி ஒருவர் விமானம் வாங்கினார். பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் அச்சடிப்பு மூன்றும் அவருக்கு உண்டு. இரண்டாயிரத்துக்குப் பிந்தின அந்த வருஷங்களில், அவருக்குப் போட்டியாக இருந்த இன்னொரு முதலாளி வெளிநாட்டுக் கார் ஒன்று வாங்கினார். நம்ம ஊர் ரோட்டில் அதன் வயிறு தட்டியது. எங்கள் முதலாளி யோசித்து, ரோடே தேவைப்படாத ஒன்றை வாங்கினார். நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம், பழையதுதான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கரிசல் காட்டில் ஓடுபாதை போட்டார். ஆலைகளுக்கு மேலே பறக்கக் கூடாது, இன்ன திசையில் மட்டும் வர வேண்டும் என்று ஆயிரம் நிபந்தனைகளோடு அனுமதி வந்து சேர்வதற்குள் ரெண்டு தீபாவளி முடிந்துவிட்டது. உள்ளூர்க்காரன், விமானம் தெரிந்தவன் என்று என்னைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

காலண்டர் பேப்பர் வைத்திருந்த குடோன்தான் விமானத்துக்கு ஷெட். அதற்கு வாட்ச்மேன் குருசாமி அண்ணன். முன்னால் மருந்து கலக்குகிற அறையில் இருந்தவர். இடது கையில் விரல்கள் வெந்து ஒட்டிப்போன பிறகு முதலாளி அவரை இங்கே போட்டார். பட்டாசு ஆலையின் சட்டதிட்டம் முழுவதையும் அவர் இந்த ஷெட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். தீப்பெட்டி, செல்போன் இருந்தால் அவரிடம் கொடுக்க வேண்டும். உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்குவதற்கு, கதவோரம் அடித்திருந்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். விமானம் ஓட்ட வந்த கேப்டன், பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், முதல் நாளே சண்டை போட்டார்.

"நான் பெட்ரோல் டாங்க் மேலதான்யா உக்காந்து பறக்கேன். இந்தத் தகட்டைத் தொட்டு என்ன ஆகப்போகுது?"

"அது அங்கன சார். இங்கன என் கேட்டு. தொட்டுட்டுப் போங்க."

கேப்டன் தொட்டுவிட்டுத்தான் போனார்.

எங்கள் மேலதிகாரி எபனேசர் சார். லைசன்ஸ் பெற்ற இன்ஜினியர். அவர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் பறக்கலாம். மதுரையில் இருந்து பஸ்ஸில் வருவார், பஸ்ஸிலேயே போவார். விமானம் வைத்திருக்கிற முதலாளியின் இன்ஜினியர், மடியில் டிபன் பாக்ஸோடு ஜன்னலோரம் உட்கார்ந்து வருவதைப் பார்த்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

அவர் வந்ததும் எதையும் தொட மாட்டார். பிளாஸ்டிக் நாற்காலியை முன் சக்கரத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொள்வார். டீ வரும். குடித்துக்கொண்டே விமானத்தைப் பார்ப்பார். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைகூட அவ்வளவு நேரம் பார்க்க மாட்டான். நடுவில் நாம் போய் விளக்கம் சொன்னால் பிடிக்காது. பார்த்து முடித்த பிறகு, "சொல்லுங்க சுப்பு" என்பார். நான் சொல்ல ஆரம்பிப்பேன். புதிதாகச் சேர்ந்த காலத்தில் ஒருமுறை, எங்கேயும் லீக் இல்லை சார் என்றேன். கோபப்படவில்லை. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"லீக் இல்லைன்னு சொல்லாதீங்க. பார்த்த இடத்துல லீக் இல்லைன்னு சொல்லுங்க. பார்க்காத இடத்துக்கு நீங்களும் நானும் ஜாமீன் நிக்க முடியாது."

துடைக்கிற துணி விஷயத்திலும் அப்படித்தான். பழைய வெள்ளை வேட்டியைக் கிழித்துத்தான் வைத்திருக்க வேண்டும். அச்சகத்தில் இருந்து சாயத்துணிக் கழிவு மூட்டை மூட்டையாக வரும்; அதை ஷெட்டுக்குள் விடமாட்டார். வெள்ளைத் துணியில் அழுக்கு தன்னை மறைக்க முடியாது என்பது அவர் கணக்கு.

இனி சக்கரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் விமானத்தின் மூன்று சக்கரங்களும் மேலே போனதும் உள்ளே மடங்கிக்கொள்ளும். ஒரு சின்ன மின்சார பம்ப் எண்ணெயை அழுத்தி அனுப்பும். சக்கரம் மாட்டியிருக்கிற ஒவ்வொரு காலிலும் ஒரு சிலிண்டர். அதற்குள் போய்வருகிற, கண்ணாடி போல மின்னுகிற ஒரு ராடு. எண்ணெய் அந்த ராடை உள்ளே இழுத்தால் சக்கரம் மடங்கும். மடங்கின சக்கரத்தைப் பிடித்து வைக்க இந்த மாடலில் கொக்கி கிடையாது. எண்ணெயின் அழுத்தம்தான் தாங்கும். அழுத்தம் குறைந்தால் பம்ப் தானாக ஒருமுறை ஓடி ஈடுகட்டிவிட்டு நிற்கும். எண்ணெய் முழுக்கத் தீர்ந்தால் சக்கரங்கள் தம் எடையிலேயே கீழே தொங்கும். பின் சக்கரங்கள் ரெண்டும் தொங்கினாலே பூட்டிக்கொள்ளும். முன் சக்கரம் மட்டும் எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து பூட்ட வேண்டும். பெரும்பாலும் பூட்டும். பூட்டாத நாளில் தரையைத் தொட்டால் கால் மடங்கும், மூக்கு தரையில் உரசும், தீப்பொறி பறக்கும். அதற்குமேல் என்ன நடக்கும் என்று சிவகாசிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த எண்ணெய் சிவப்பு. கசிந்தால் உடனே கண்ணில் பட வேண்டும் என்பதற்காகவே சிவப்புச் சாயம் போட்டுச் செய்கிறார்கள். வெளிநாட்டில் உட்கார்ந்து அதை யோசித்தவர்களுக்கு ஆயுத பூஜை தெரியாது.

ஆயுத பூஜையன்று எங்கள் ஷெட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. மூக்கில் சுற்றுகிற விசிறிக்கு மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம், உடம்பெங்கும் சந்தனம், குங்குமம், விபூதிப் பட்டை. அடுத்த முறை எபனேசர் சார் வந்தபோது நாற்காலியில் இருந்தபடியே பார்த்தார். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனாலும் பூஜையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குருசாமி அண்ணனைக் கூப்பிட்டு, பொட்டு வைப்பதென்றால் காலில் மேலாக வையுங்கள், அந்த ராடில் மட்டும் பொட்டு வைக்காதீர்கள் என்றார். அண்ணன் தலையாட்டினார். அதற்குப் பிறகு முன் சக்கரக் காலுக்குத் தினசரி பூஜை நடந்தது. கை வெந்த மனுஷன். அவருக்கு நெருப்பைத் தள்ளி வைக்கிற எந்தக் காரியத்தையும் ஒருநாள்கூட விட முடியாது.

பொங்கல் கழிந்த சமயம், அண்ணன் என்னிடம் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"தம்பி, முந்தாநாள் வச்ச குங்குமம் இன்னும் காயலை."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். காலில் குங்குமம் அப்போதுதான் குழைத்து வைத்தது மாதிரி ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. எங்கள் காட்டில் அடிக்கிற வெயிலில் தார் ரோடு இளகும். தை மாசத்தில்கூடக் குழைத்த குங்குமம் ஒரு நாழிகையில் பொருக்கு தட்டி உதிரும். இது உதிரவில்லை. செய்தி முதலாளிக்குப் போயிற்று. வந்து விரலால் தொட்டார். கண்ணை மூடிக்கொண்டார். அந்த வருஷம் அவருக்கு வடக்கே இருந்து சீசன் ஆர்டர் நன்றாக வந்திருந்தது. காரணம் இப்போது தெரிந்துவிட்டது: அம்மன் வந்து இறங்கியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு ஷெட் கோயிலாகிவிட்டது. முதலாளியின் வீட்டம்மா வெள்ளிக்கிழமைதோறும் பூக்கூடையோடு வந்தார்கள். ஆலைக்கு ஆள் ஏற்றிப்போகிற வேன்கள் கேட்டில் நிறுத்தி, பொம்பளையாட்கள் இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். குருசாமி அண்ணன் எல்லோரையும் தகட்டைத் தொடவைத்துத்தான் உள்ளே விட்டார். பொட்டைத் தனியாக எடுத்துக் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. காலில் விரல் வைத்தால் ஒட்டும், நெற்றியில் வைத்தால் நிற்கும். கேப்டன் விமானம் ஏறும்முன் ஒன்று வைத்துக்கொள்வார். நானும் வைத்துக்கொண்டேன். என் மனைவி ஒரு பொட்டலம் கேட்டு வாங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள். அந்தக் காலை யாரும் துடைக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது என்று முதலாளி உத்தரவு போட்டார்.

அதே சமயத்தில்தான் பம்ப் தொல்லை ஆரம்பித்தது. கேப்டன் இறங்கி வந்து, மேலே சக்கரத்தை மடக்கிவைத்திருக்கும்போது பம்ப் விட்டுவிட்டு ஓடுகிறது என்றார். அழுத்தம் எங்கேயோ குறைகிறது என்று அர்த்தம். எண்ணெய்த் தொட்டியைப் பார்த்தேன், மட்டம் இறங்கியிருந்தது. ஊற்றினேன். அடுத்த பறப்புக்குப் பிறகு மறுபடியும் இறங்கியிருந்தது. எண்ணெய் குறைகிறதென்றால் எங்கேயோ வெளியே ஒழுக வேண்டும். வெள்ளைத் துணியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு மூட்டாகத் துடைத்தேன். துணி வெள்ளையாகவே வந்தது. பின் கால்கள் ரெண்டும் காய்ந்து கிடந்தன. முன் காலில் துணியை வைக்க உத்தரவு இல்லை. வைத்தாலும் சிவப்பாகத்தானே வரும். அது குங்குமம் ஆயிற்றே. குங்குமம் இருக்கிற இடத்தில் எங்கள் ஊர்க் கண் எண்ணெயைத் தேடாது.

எபனேசர் சாருக்கு போன் பண்ணினேன். பார்த்த இடத்தில் லீக் இல்லை சார் என்று அவர் பாணியிலேயே சொன்னேன். அப்படியானால் பம்புக்குள் இருக்கிற வால்வாக இருக்கலாம், மாற்றிப் பாருங்கள் என்றார். வால்வு வரவழைத்து மாற்றினேன். புது வால்வோடு பம்ப் முன்னைவிட உற்சாகமாக ஓடியது.

இதற்கிடையே முதலாளியின் மகளுக்குப் பெங்களூரில் பிள்ளை பிறந்திருந்தது. முதல் பேரன். குலதெய்வம் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தார்கள். பச்சப்பிள்ளையை ரயிலில் கொண்டுவந்தால் காத்து ஆகாது, காரில் வந்தால் அலுப்பு என்று வீட்டில் பேச்சு. முதலாளி ஒரே வரியில் முடித்தார்.

"அம்மனே இறங்கி உக்காந்திருக்க வண்டி ஷெட்டுல நிக்கி. எம் பேரன் எதுக்கு ரயில்ல வாரான்?"

தேதி குறித்தாயிற்று. கேப்டன் பெங்களூர் போய்ப் பிள்ளையையும் தாயையும் ஏற்றிக்கொண்டு வருவார். ஆனைக்குட்டம் அணைத் தண்ணீர் தெரிகிற இடத்தில் அவர் சக்கரத்தை இறக்குவது வழக்கம். அந்த இடத்தில் முன் சக்கரம் பூட்டுமா என்பதைத்தான் நான் ராவும் பகலும் நினைத்துக்கொண்டிருந்தேன். விமானத்தில் போகிறவர்கள் யார் என்று தெரியாதவரை அடியில் படுத்து வேலை பார்ப்பது சுலபம். இந்தமுறை போகிறவனுக்கு இன்னும் கழுத்தே சரியாக நிற்கவில்லை. கையெழுத்துப் போட எபனேசர் சாரை வரச்சொன்னார்கள்.

அவர் காலை பஸ்ஸில் வந்தார். தகட்டைத் தொட்டார். நாற்காலி போட்டேன். டீ வந்தது. பார்த்துக்கொண்டே இருந்தார். கேப்டன் வந்து பம்ப் ஓடுகிற கதையை முழுக்கச் சொன்னார். சார் காது கொடுத்த மாதிரித் தெரியவில்லை. கேப்டனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெத்தியில என்ன கேப்டன்?"

நடு நெற்றியில் காசு அகலத்துக்குச் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. வெயில் சார், அரிக்கிறது என்றார் கேப்டன். கொஞ்ச நேரத்தில் முதலாளியும் வீட்டம்மாவும் காரில் வந்து இறங்கினார்கள். முதலாளிக்கு அதே இடத்தில் அதே தடிப்பு. வீட்டம்மாவுக்கு அதைவிடப் பெரிதாக. சார் திரும்பிக் குருசாமி அண்ணனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையால் நெற்றியை மறைத்துக்கொண்டேன்.

"அம்புட்டுப் பேருக்கும் ஒரே இடத்துலயா வெயில் அடிக்கி?" என்றார்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டார். ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அண்ணாச்சி, குங்குமத்தை எதுல குழைப்பீங்க? தண்ணியிலயா, எண்ணெயிலயா?"

"தண்ணியிலதான் சார். எண்ணெய்க்கு எங்க போக?"

சார் எழுந்துபோய் முன் காலில் ஒரு விரலை வைத்து எடுத்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோனார். அந்த விரலைத் தம் நெற்றிக்குக் கொண்டுபோகாத முதல் ஆள் அவர்தான். சுப்பு, ஜாக்கி வைங்க என்றார். பிறகு முதலாளியிடம், இந்தக் காலைச் சுத்தமாகக் கழுவ வேண்டும் என்றார்.

முதலாளிக்கு முகம் மாறிவிட்டது.

"சார், பம்பைப் பாருங்க, பைப்பைப் பாருங்க, எதை வேணும்னாலும் கழத்துங்க. அந்தக் கால்ல மட்டும் கை வைக்காதீக. சீசன் நேரம். அம்மன் குங்குமத்தை அழிச்சாகன்னு பேரு வேண்டாம்."

"கை வைக்காம நான் கையெழுத்துப் போட முடியாது முதலாளி. அந்தக் கால்லதான் உங்க பேரன் வந்து இறங்கணும்."

வெளியே ஒரு வேன் வந்து நின்றது. பொம்பளைகள் இறங்கிச் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. வேறு இன்ஜினியராக இருந்தால் சட்டம் பேசியிருப்பார். முதலாளியும் வேறு இன்ஜினியரைத் தேடியிருப்பார். சார் குரலை இன்னும் தணித்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு உங்க முறை தெரியாது. தப்பா இருந்தா சொல்லுங்க. உங்க கோயில்ல சாமிக்கு அபிஷேகம் பண்ணாமலேயே தினம் தினம் அலங்காரம் மட்டும் பண்ணுவாங்களா?"

முதலாளி வீட்டம்மாவைப் பார்த்தார். வீட்டம்மாதான் வாயைத் திறந்தார்கள்.

"அவுக சொல்றது சரிதான. நாமதான் அம்மனைக் குளிப்பாட்டவே இல்ல. பூசிப் பூசி வச்சிருக்கோம். அதான் நெத்தி எரியுதோ என்னமோ."

அபிஷேகம் என்று முடிவானதும் காரியம் வேகமாக நடந்தது. மின்னுகிற ராடில் தூசி படாதபடி அதை வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டச் சொன்னார் சார். குருசாமி அண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து குடத்துத் தண்ணீரைக் காலில் ஊற்றினார். தண்ணீர் பட்டது, முத்து முத்தாக உருண்டது, கீழே விழுந்தது. குங்குமம் இம்மியும் அசையவில்லை. வேனில் வந்த பொம்பளைகள் குலவை போட்டார்கள். அண்ணன் பெருமையோடு சாரைப் பார்த்தார்.

"எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சா என்ன போடுவீங்க அண்ணாச்சி?"

"சீயக்காய்."

"அதைப் போட்டுப் பாருங்க."

சீயக்காய் வாங்கி வந்து அண்ணன் வலது கையால் தேய்த்தார். செக்கச்செவேலென்று நுரை பொங்கி வழிந்தது. அடியில் இருந்து வெள்ளைப் பெயிண்ட் தெரிந்தது. தேய்த்துக்கொண்டே இருந்தவருக்குப் பாதியில் கை தளர்ந்துபோயிற்று. எண்ணெய் பூசாத உடம்புக்குச் சீயக்காய் எதற்கு என்று அவருக்கு அப்போதே விளங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

காலைத் துடைத்தோம். ராடைச் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, புது எண்ணெயில் நனைத்த வெள்ளைத் துணியால் ராடையும் துடைத்தேன். விமானம் ஜாக்கியில் தூக்கி நின்றது. சார் தலையசைத்ததும் சக்கரங்களை மடக்கினேன். மூன்றும் உள்ளே போயின. பம்ப் நின்றது. இனி காத்திருக்க வேண்டும். இன்னொரு டீ வந்தது. முதலாளி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். சாமி பார்க்க வந்த பொம்பளைகள் வேலைக்கு நேரமாகிறது என்று டிரைவர் கத்தியும் நகரவில்லை.

ட்ர்ர் என்று பம்ப் தானாக ஓடி நின்றது. சார் முதலாளியை ஒருமுறை பார்த்தார். மறுபடியும் ஓடியது. மறுபடியும். போதும், இறக்குங்க என்றார்.

முன் சக்கரம் வெளியே வந்து பூட்டியது. சிலிண்டரில் இருந்து ராடு வெளியே வருகிற வாய் இருக்கிறதல்லவா, அங்கே ஒரு சிவப்புத் துளி நின்றது. எல்லோரும் பார்க்கப் பார்க்க அது நூல் மாதிரி இறங்கி, கழுவித் துடைத்த வெள்ளைக் காலில் ஒரு கோடு போட்டது.

வீட்டம்மா பழக்கத்தில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்கள். "தானாவே வருது" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். சார் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து முதலாளி கையில் கொடுத்தார்.

"நீங்களே தொட்டுப் பாருங்க."

முதலாளி துணியை ஒற்றி எடுத்து முகர்ந்து பார்த்தார். அவருடைய அச்சகத்தில் பேப்பர் வெட்டுகிற மிஷின் இதே ஹைட்ராலிக்கில்தான் ஓடுகிறது. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

"ஆயிலு" என்றார். துணியை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறிவிட்டார். வீட்டம்மா பூக்கூடையை அங்கேயே வைத்துவிட்டுப் பின்னால் ஓடினார்கள்.

சிலிண்டரைக் கழற்றினோம். உள்ளே ராடைச் சுற்றி எண்ணெயைத் தடுத்து நிற்கிற ரப்பர் வளையம் ஒன்று உண்டு. அதன் உதடு நாரு நாராகக் கிழிந்திருந்தது. ராடை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், சுற்றிலும் மெல்லிய கீறல்கள், மூன்று பட்டையாக. சார் அந்த மூன்று பட்டையை நெடுநேரம் பார்த்தார். பிறகு குருசாமி அண்ணனைப் பார்த்தார்.

"ராடுல பொட்டு வைக்க வேண்டாம்னு சொன்னேனே அண்ணாச்சி."

"பொட்டு வைக்கலையே சார். துன்னூறுதான் போட்டேன்."

அண்ணன் பொய் சொல்லவில்லை. அவரிடம் யாரும் விபூதியைப் பற்றிப் பேசியிருக்கவில்லை. எங்கள் வீடுகளில் பித்தளைப் பாத்திரம் துலக்குவது சாம்பலில்தான். அந்தச் சாம்பலைத் தினம் பூசி, ஒவ்வொரு தடவை சக்கரம் மடங்கும்போதும் ராடு அதைச் சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டு போய் ரப்பரைத் துலக்கியிருக்கிறது. பூஜை வளையத்தைக் கிழித்தது. கிழிந்த வளையம் எண்ணெயை விட்டது. எண்ணெய் குங்குமத்தைக் காயவிடவில்லை, வைத்துக்கொண்ட நெற்றிகளையும் தடிக்கவைத்தது. காயாத குங்குமத்துக்காகப் பூஜை இன்னும் அதிகமாயிற்று. இப்படிச் சுற்றிச் சுற்றி ஓடுகிற ஒரு கோளாறை எந்தப் பராமரிப்புப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

சென்னையில் இருந்து புது ராடும் வளையமும் வந்தன. வளையத்தை அதே சிவப்பு எண்ணெயில் ஊறவைத்து, முறுக்கு விழாமல் விரலாலேயே உட்காரவைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவர் பக்கத்தில் வரக் கூடாது. சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டிய பிறகு சக்கரங்களை மடக்கி, இறக்கி, மடக்கி, குழாயில் இருந்த காற்றையெல்லாம் வெளியேற்றினோம். பிறகு மடக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்து டீயும் குடித்தோம். பம்ப் ஒருமுறைகூட ஓடவில்லை. துணி வெள்ளையாக இருந்தது. இந்தமுறை பார்க்காத இடம் என்று எதுவும் பாக்கியில்லை. சார் கையெழுத்துப் போட்டார். பிள்ளையைக் கூட்டிவரப் போக இன்னும் ஒருநாள் இருந்தது.

அண்ணன் காலின் மேல்பக்கம், அனுமதித்த இடத்தில், புதிதாகக் குங்குமம் வைத்தார். மறுநாள் காலையில் அவர் என்னைக் கூப்பிடவில்லை. நானே போய்ப் பார்த்தேன். குங்குமம் காய்ந்து, வெடித்து, பாதி உதிர்ந்து சிமெண்ட் தரையில் கிடந்தது. அண்ணன் கேட்டுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அன்றைக்கும் வேன் வந்து நின்றது. ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றாமலே ஏறிப் போய்விட்டார்கள்.

முதலாளி வந்தார். காலில் விரல் வைத்தார். வறண்ட பொடி ஒட்டியது. ஊதிவிட்டார். கேப்டன் யூனிஃபார்ம் போட்டுத் தயாராக நின்றார். சார் மதுரைக்குத் திரும்புகிற பஸ்ஸுக்குப் பையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"பெங்களூருக்குப் போக வேண்டாம் கேப்டன். பிள்ளை ரயில்ல வரட்டும்" என்றார் முதலாளி.

வண்டி இப்போது முழுக்கச் சரியாக இருக்கிறது என்று சார் சொன்னார். முதலாளி அதை மறுக்கவில்லை.

"சரியாத்தான் இருக்கும். நீங்க பொய் சொல்ல மாட்டீக. ஆனா சாமி இருந்துச்சு, ஏத்தலாம்னு தைரியமா இருந்தேன். இப்ப வெறும் மிஷினால்ல நிக்கி. மிஷினை நம்பிப் பச்சப்பிள்ளையை எப்படி சார் ஏத்த?"

எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்த வரைக்கும் பேரனை ஏற்றத் துணிந்தவர், ஒழுக்கு நின்றதும் ஏற்ற மறுத்துவிட்டார். சார் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

காதுகுத்துக்கு எங்கள் எல்லோரையும் அழைத்திருந்தார்கள். பேரன் ரயிலில், கீழ்ப் படுக்கையில், வழியெல்லாம் தூங்கிக்கொண்டே வந்து சேர்ந்திருந்தான். பந்தியில் என் இலைக்கு அடுத்த இலை கேப்டனுக்கு. விமானத்தை விற்க முதலாளி ஆள் பார்க்கச் சொல்லிவிட்டதாக, அவியலுக்கும் கூட்டுக்கும் நடுவே அவர்தான் சொன்னார். என் வாழ்நாளிலேயே நான் கைவைத்து இவ்வளவு சுத்தமாகச் சரிசெய்த வேலை வேறு கிடையாது. அதோடு என் வேலையும் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை அச்சகங்களில் பேப்பர் வெட்டும் மிஷினுக்கு அடியில்தான் படுத்திருந்தேன்.

எதிர்வரிசையில் எபனேசர் சார் உட்கார்ந்திருந்தார். முதலாளி பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு இலையாக விசாரித்தபடி வந்தார். காது குத்தியபோது அழுத அழுகையில் பிள்ளை முகம் சிவந்து, இப்போது வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். சார் இருந்த இடத்துக்கு வந்ததும் முதலாளி நின்று, பக்கத்தில் இருந்த சம்பந்தி வீட்டாரிடம் காட்டினார்.

"இவுகதான் நம்ம பிளேன்ல குடியிருந்த அம்மனைச் சீயக்காய் போட்டு வெளியேத்துன இன்ஜினியர்."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. சார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து, தோளில் கிடந்த பிள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஷெட்டில் நாற்காலி போட்டுப் பார்ப்பாரே, அதே பார்வை.

"பேரன் நல்லா இருக்கான்ல முதலாளி?"

"நல்லா இருக்கான்."

"அப்ப சரி" என்றார் சார். "இந்தப் பக்கம் கொஞ்சம் ரசம் ஊத்தச் சொல்லுங்க."